ஒப்புக்குச் சப்பாணி

முதல் தடவை எழுதி முடித்தபோது பதினான்கு பக்கம் வந்திருந்தது. அக்கா மகள் வாங்கிப் புரட்டினாள். "என்ன மாமா, இது விளையாட்டா, பப்ளிக் பரீட்சையா?" என்றாள். அன்று ஆரம்பித்து வெட்டிக்கொண்டே வருகிறேன். இப்போது ஒரே தாள், அதிலும் ஒரு பக்கம்தான். கீழே நாலு விரற்கடை இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே வரவேண்டிய விதி எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ரோல்பிளேயிங் கேம் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். கதையாட்டம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல பெயர் யாராவது வைத்தால் மாற்றிக்கொள்ளலாம். நாலைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு வேஷம். மேடை கிடையாது, அரிதாரம் கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. "நான் கதவைத் தட்டுறேன்", "நான் திறக்க மாட்டேன்" என்று வாய்ப்பேச்சிலேயே கதை நகரும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிக் கேட்டுக்கொள்ளலாம். யாரும் ஜெயிப்பதில்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு விதி எழுதுவது என் பொழுதுபோக்கு.

தளவாய்புரத்தில் பொழுதுபோக்கு என்று ஒன்றை வைத்துக்கொள்வதே கொஞ்சம் கூச்சமான காரியம். நைட்டி தைக்கிற ஊர். அந்தப் பக்கம் முகவூர், இந்தப் பக்கம் செட்டியார்பட்டி என்று தெருத்தெருவாக மிஷின் ஓடுகிறது. இங்கே ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் "என்ன செய்றே?" என்று யாரும் கேட்பதில்லை. "என்ன, கரண்டு இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

ஊர்ப் பெயரிலேயே ஒரு படைத்தலைவன் இருக்கிறான் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ஏனென்றால் இந்த விளையாட்டின் பூர்வீகமும் தளவாய்களிடம்தான் போய் நிற்கிறது. 1824-இல் பிரஷ்யப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தகப்பனார் தொடங்கிவைத்த ஆட்டமொன்றைத் திருத்தி, அதிகாரிகளின் பயிற்சிக்காகக் கொண்டுவந்தார். கிரீக்ஸ்பீல், அதாவது போராட்டம், நம் பொருளில் இல்லை, போர்-ஆட்டம். நிலப்படத்தின்மேல் சின்னச் சின்னக் கட்டைகள் படைகளாக நிற்கும். இரண்டு தரப்பும் தங்கள் உத்தரவை நடுவரிடம் கொடுக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதற்கெல்லாம் அட்டவணை இருந்தது, பகடை இருந்தது. அட்டவணைகளைப் படித்துத் தேறி நடுவராக உட்கார ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, அட்டவணையைத் தூக்கி வையுங்கள், போர் தெரிந்த நடுவர் தன் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதினார். விதி குறைந்த ஆட்டம் என்று இன்று பேசுகிறவர்கள் இந்த மனிதரைத்தான் பாட்டனாராக வைத்துக் கும்பிடுகிறார்கள்.

நூறு ஆண்டு கழித்து அதே சங்கதி மறுபடி நடந்தது. 1974-இல் அமெரிக்காவின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று ஒல்லிப் புத்தகங்கள். இன்றைக்கு அதன் ஆட்டக்காரர் கையேடு மட்டுமே முந்நூறு பக்கத்தைத் தாண்டும். அதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்களும் உண்டு. ஜான் ஹார்ப்பர் 2013-இல் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்று ஒரு ஆட்டம் எழுதினார். மொத்தமும் ஒரே பக்கம். உங்களுக்கு ஒரே ஒரு எண்தான், இரண்டிலிருந்து ஐந்துக்குள். நிதானமான அறிவு வேலை என்றால் பகடை அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும். மனசும் உணர்ச்சியும் சம்பந்தப்பட்ட காரியம் என்றால் மேலே விழ வேண்டும். சரியாக அந்த எண்ணே விழுந்துவிட்டால் நடுவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை படித்தபோது, நன்றாக வெட்டிய துணியைக் கையில் எடுத்துப் பார்ப்பது போலிருந்தது. எங்கும் பிசிறு இல்லை.

அதைப் பிள்ளைகளோடு ஆடிப் பார்த்தேன். விண்வெளிக் கப்பல், கேப்டன் செயலற்றுக் கிடக்கிறார், இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கதையை ஆரம்பித்துவைத்தேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அக்கா மகன், "மாமா, டிரைவர் மயங்கிட்டாருன்னு வச்சுக்குவோமா?" என்றான். அவ்வளவுதான், விண்வெளிக் கப்பல் ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரம் வருகிற டவுன் பஸ்ஸாகிவிட்டது. ஒருத்தன் கண்டக்டர், ஒருத்தி பிரேக் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மிதிக்கிற காலேஜ் பெண், நான் மூட்டையோடு வந்த வியாபாரி. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அந்த ஒரு பக்கம் உண்மையில் ஒரு பக்கம் இல்லை. மிச்ச முந்நூறு பக்கமும் அமெரிக்கப் பிள்ளைகளின் மண்டையில் முன்பே ஏறியிருக்கிறது, ஸ்டார் டிரெக் தொடராக. கப்பல் என்றால் எப்படி இருக்கும், கேப்டன் எப்படிப் பேசுவார், யார் யாரிடம் எதிர்த்துப் பேசலாம் என்பதை ஹார்ப்பர் எழுத வேண்டியிருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த முந்நூறு பக்கம் டவுன் பஸ்ஸில் இருந்தது. விதியைத் தாளில் குறைக்கிறவன், அது வேறெங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். நான் முதலில் எழுதிய பதினான்கு பக்கமும் இதைத் தெரியாமல் எழுதியது.

இதை ராஜபாளையத்தில் பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பெண் எப்போதோ செய்து முடித்திருக்கிறாள் என்று சொன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோபப்படக்கூடும். பக்தியை விளையாட்டு என்கிறானே என்று. ஆனால் நான் சொல்லவில்லை, வியாக்கியானக்காரர்கள் சொல்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், தோழிமாரை இடைப்பெண்களாகவும், வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், உள்ளே இருக்கும் பெருமாளைக் கண்ணனாகவும் ஆண்டாள் பாவித்துக்கொண்டாள் என்பது அவர்கள் சொல்வது. அதற்கு அநுகாரம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பட்டர் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு நடையும் பேச்சும் இடைச்சியுடையதாகவே ஆகி, கடைசியில் மேனியில் பால் முடை வீச்சமும் வந்துவிட்டதாம். வேஷம் வாசனை வரைக்கும் போன இன்னொரு ஆட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

திருப்பாவையை ஆட்ட விதி எழுதுகிறவன் கண்ணோடு படித்தால் இரண்டாம் பாட்டில் நின்றுவிடுவான். நோன்பு காலத்தில் நெய்யும் பாலும் வேண்டாம். விடியுமுன் குளிக்க வேண்டும். கண்ணுக்கு மை கூடாது, தலைக்குப் பூ கூடாது. ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் கோள் சொல்லக் கூடாது. கேட்கிறவர்களுக்கு இயன்ற மட்டும் கொடுக்க வேண்டும். எட்டே அடியில் முழு விதிப்பட்டியலும் முடிந்துவிடுகிறது. இதற்குள் ஒரு விதி இருக்கிறது, அதைப் பார்த்து எனக்குத் தீராத பொறாமை. முன்னோர் செய்யாததை நாங்கள் செய்ய மாட்டோம் என்பது. அந்த ஒரு வரிக்குள் ஆயர்பாடியின் சகல வழக்கமும் அடங்கிவிட்டது. எது செய்தது, எது செய்யாதது என்று பட்டியல் போட வேண்டியதில்லை. கூட ஆடுகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அப்புறம் ஆறாம் பாட்டிலிருந்து வீடு வீடாகப் போய் எழுப்புகிறார்கள். உள்ளே தூங்குகிறவள் வீட்டுக்கு வீடு வேறு. ஒருத்தி பேச்சில் கெட்டிக்காரி, ஒருத்தி எழுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனவள். பதினைந்தாம் பாட்டு முழுக்க வெளியே நிற்கிறவளும் உள்ளே படுத்திருக்கிறவளும் மாறி மாறிப் பேசுவது. யார் பேசுவது என்ற குறிப்புகூட இல்லாமல் நமக்குப் புரிகிறது. ஒரு வேஷத்துக்கு இரண்டு வரி போதும் என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன். என் பதினான்கு பக்கத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயது, ஊர், குணம், பலம், பலவீனம் என்று கட்டம் போட்டிருந்தேன்.

பகடைகூட அவளிடம் உண்டு. நாச்சியார் திருமொழியில் நாலாவது திருமொழி கூடல் இழைப்பது பற்றியது. கண்ணை மூடிக்கொண்டு மணலில் ஒரு பெரிய வட்டம் கீற வேண்டும். தொடங்கிய இடத்தில் முனை வந்து சேர்ந்தால் நினைத்தவன் வருவான். இன்னொரு முறையும் உண்டு: சுழிகளாகப் போட்டுக்கொண்டே போய், பிறகு இரண்டிரண்டாகக் கழித்துப் பார்ப்பது. மிச்சமில்லாமல் தீர்ந்தால் வருவான், ஒற்றை நின்றால் வரமாட்டான். தனியாக உட்கார்ந்து கதையாட்டம் ஆடுகிறவர்களுக்காக 2003-இல் டானா பிஜன் மித்திக் என்ற நூலை எழுதினார். கேள்வியைக் கேள், பகடையை உருட்டு, ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும், அங்கிருந்து கதையைத் தொடர். அதைப் படித்தபோது மணலில் விரல் வைத்திருக்கும் அந்தப் பெண்தான் கண்ணுக்குள் வந்தாள். அவளுக்கு எதிரே நடுவர் யாரும் இல்லை. அவளும் வட்டமும்தான்.

ஊர் அந்த ஆட்டத்தை இன்னும் கலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்கழியில் பகல்பத்து தொடங்கும் நாளில் ஆண்டாள் பிறந்தகத்துக்கு வருகிறாள். பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டு வாசலில் காய்கறிகளைப் பரப்பிவைத்து மகளை வரவேற்கிறார்கள். பச்சைப் பரத்தல் என்று பெயர். அரையர் சேவையில் முத்துக்குறி நடக்கும்போது ஒரே மனிதர் தாயாகவும், மகளாகவும், குறி சொல்கிறவளாகவும் மாறி மாறி நிற்கிறார். குரல் மாறும், ஆள் மாறுவதில்லை. பக்கத்தில் நிற்கிற யாருக்கும் குழப்பமும் வருவதில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தாலும் இந்தச் சரக்கு தெருவில் கிடந்ததுதான். கதையாட்டக்காரர்கள் மத்தியில் எக்ஸ் கார்டு என்று ஒன்று பிரபலம். 2013 வாக்கில் ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் கொண்டுவந்தது. கதை யாருக்காவது தாங்க முடியாத இடத்துக்குப் போனால், எக்ஸ் எழுதிய அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும். பெரிய கண்டுபிடிப்பாகத்தான் பேசப்படுகிறது, நியாயம்தான். நாங்கள் சின்ன வயதில் கையைத் தூக்கி "அம்பேல்" என்போம். ஓடுகிறவன் நிற்பான், துரத்துகிறவனும் நிற்பான். செருப்பு அறுந்ததா, அழுகை வருகிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்பேலைவிட எனக்குப் பிடித்தது ஒப்புக்குச் சப்பாணி. கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். விட்டுவிட்டுப் போனால் அழும், அம்மாவிடம் சொல்லும். சேர்த்தால் ஆட்டம் கெடும். ஆகவே அது ஆட்டத்தில் உண்டு, ஆனால் அவுட் கிடையாது. எல்லாரோடும் ஓடும், எல்லாரோடும் கத்தும், அதைத் தொட்டால் கணக்கில்லை. பெயர் இன்று காதுக்கு உறுத்துகிறது, உடற்குறையைக் கேலியாகச் சொல்லும் சொல். வேறு சொல் வந்தால் நல்லது. ஏற்பாடு மட்டும் அபாரமானது. ஆட்டத்துக்குள் ஒருவரை வைத்துக்கொண்டே விதிக்கு வெளியே நிறுத்துவதற்கு மேற்கத்திய ஆட்டப் புத்தகங்கள் எதிலும் இவ்வளவு சுருக்கமான வழியை நான் பார்க்கவில்லை.

இனி என் ஆட்டத்துக்கு வருகிறேன். தளவாய்புரத்துக்குப் பக்கத்தில் தேவதானம். அங்கே சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று பெயர். பாண்டியனைப் போரில் வெல்ல முடியாத சோழன், நஞ்சு தோய்த்த ஆடையொன்றைப் பரிசாக அனுப்பினானாம். அது பாண்டியனைத் தீண்டாமல் இறைவன் காத்தார் என்பது தலத்துக் கதை. துணி தைக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே துணியால் கொல்லப் பார்த்த கதை. இதை வைத்து ஆட்டம் எழுதாமல் எப்படி இருப்பது?

நச்சாடை என்றே பெயர் வைத்தேன். தீபாவளிக்கு முந்தைய சீசன். விடிந்தால் சரக்கு பார்சல் ஆபீஸ் போயாக வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்டு போய்விட்டது. தைத்து அடுக்கியிருக்கிற நைட்டிகளில் ஏதோ ஒரு பீஸில் நஞ்சு இருக்கிறது. என்ன நஞ்சு என்று யாரும் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கக் கூடாது. இதற்கு மேல் கதைக்குறிப்பு இல்லை. அகப்பாடலில் யாருக்கும் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை நினைத்துக்கொண்டு, என் ஆட்டத்திலும் பெயரை எடுத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் மிஷின்காரி, செக்கிங் பார்க்கிறவர், பேக்கிங் பையன், முதலாளி. பெயர் யோசிப்பதிலேயே பிள்ளைகள் கால் மணி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். தலைவி, தோழி, செவிலி என்றால் ஆட்டம் உடனே தொடங்கிவிடுகிறது.

பகடைக்குத் தாயக்கட்டை. வீட்டில் பித்தளைக் கட்டை கிடந்தது, அதுதான் காரணம். பண்பாட்டுக் காரணம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டையிலும் நாலு முகம், ஒன்று இரண்டு மூன்று புள்ளிகளும் ஒரு வெறுமையும். இரண்டு கட்டையும் சேர்ந்து விழ 16 வழி. தாயத்துக்கு 2, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, இரண்டும் வெறுமையாக விழுகிற பன்னிரண்டுக்கு 1. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நல்ல விழுக்காடு என்று வைத்தால் 16-க்கு 6. எட்டுத் தடவை உருட்டினால் மூன்று தடவைதான் காரியம் நடக்கும். தாயக்கட்டத்தில் இது ரொம்பப் பொருத்தம். தாயம் விழாமல் கட்டத்துக்குள் இறங்க முடியாமல் புழுங்குவதுதானே அங்கே ருசி. கதையில் அப்படி இல்லை. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. மறுபடி தட்டினேன், திறக்கவில்லை. முதல் நாள் ஆடியபோது கட்டிங் மாஸ்டர் கதவுக்கு வெளியிலேயே நின்று ஆட்டம் முடிந்துபோனது. ஆகவே மாற்றினேன். நல்லது விழாவிட்டாலும் காரியம் நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் சொல்ல வேண்டும். வின்சென்ட் பேக்கரின் அபாக்கலிப்ஸ் வேர்ல்டு 2010-லேயே இதற்குக் கிட்டத்தட்ட இப்படி வழி சொல்லியிருந்தது. வலப்பக்கத்து ஆள் மட்டும் என் சேர்க்கை. பதினான்கு பக்கத்தில் ஒன்பது பக்கம் அன்றைக்கு ஒரே ராத்திரியில் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். அக்கா மகள், அவள் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன், நான். அத்தை சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் மிஷினில் உட்கார்ந்தவர். இப்போது முட்டி வலியால் வீட்டிலேயே பிசிறு வெட்டுகிற வேலை மட்டும் எடுத்துச் செய்கிறார். கூப்பிட்டோம். "எனக்கு இதெல்லாம் வராதுய்யா, நீங்க ஆடுங்க" என்றார். "சும்மா ஒப்புக்குச் சப்பாணியா இரு பாட்டி" என்று பேத்தி சொன்னதும் சிரித்துக்கொண்டு நகர்ந்து வந்தார். முதலாளி வேஷத்தை யாரும் எடுத்திருக்கவில்லை. அது அவரிடம் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் நஞ்சை எங்கெங்கோ தேடினார்கள். பாக்கெட்டுக்குள் ஒரு கடிதம், துணி மூட்டையில் ஒரு பாம்பு, பின்னால் ஒரு பேய் என்று தாயக்கட்டை உருண்டுகொண்டே இருந்தது. திடீரென்று அத்தை மடியில் கிடந்த நைட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். குரல் மாறியிருந்தது. கழுத்துகூடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"இதைத் தைச்சது யாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"சத்தம் போடமாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவ கணக்குல பிடிச்சுக்கிடுவேன். சொல்லலேன்னா எல்லார் கணக்குலயும் பிடிப்பேன்."

"நான் இல்லண்ணாச்சி" என்றாள் அக்கா மகள். அவள்தான் ஓவர்லாக்.

"நீ இல்லேன்னு எனக்குத் தெரியும்மா. பக்கத்து மிஷின் யாரோடது?"

அக்கா மகள் கட்டையை எடுத்தாள். உருட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். பக்கத்து மிஷின் யாருடையது என்று நாங்கள் தீர்மானித்திருக்கவே இல்லை. அப்படி ஒருத்தி ஆட்டத்தில் இல்லை. இருந்தும் அந்தப் பெயரில்லாதவள் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். பையன்கள் பாம்பையும் பேயையும் மறந்து அக்காவையே பார்த்தார்கள். அவள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். விலை சொல்ல வேண்டியது என் முறை. எனக்கு ஒன்றும் வரவில்லை. அத்தை இந்தக் குரலை எத்தனை தடவை எதிரே நின்று கேட்டிருப்பார், அப்போது என்ன பதில் சொல்லியிருப்பார் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கலாம். ஆட்டத்துக்குள் கேட்க முடியாது, ஆட்டத்துக்கு வெளியே கேட்கிற உரிமையும் எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த நாலு விரற்கடை இதற்காகத்தான். ஆட்டத்துக்குள் போக ஆயிரம் வழி எழுதலாம், வெளியே வருவதற்கு ஒரு வரி வேண்டும். திருப்பாவையில் அது இருக்கிறது. இருபத்தெட்டுப் பாட்டு வரை பறை வேண்டும் பறை வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள், இருபத்தொன்பதாவதில் பறைக்காக வரவில்லை என்று உடைத்துச் சொல்லிவிடுகிறார்கள். முப்பதாவதில் இடைச்சி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டர் மகளாக, தன் பெயரோடு கோதை நிற்கிறாள். வேஷத்தைக் கழற்றிவைக்கவே ஒரு பாட்டு. நான் ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாரும் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒன்று. கட்டையைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்று ஒன்று. எழுதிப் படித்தால் சடங்கு மாதிரி இருக்கிறது.

அக்கா மகள் வாயைத் திறக்கப் போனாள். அத்தை சட்டென்று நைட்டியை மடியில் போட்டுக் கையை ஊன்றி எழுந்தார்.

"ஐயையோ, அடுப்புல பாலை வச்சிட்டு இங்கன வந்து உக்காந்திருக்கேன்."